பூகம்பம் சொன்ன சாட்சி

துக்கம் விசாரிக்கப் போன வீடுகளில் நாம் எல்லோரும் ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கிறோம். குழந்தையைப் பறிகொடுத்த தாய் சுவரோரமாகச் சாய்ந்து கிடக்கிறாள். வந்தவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது அவள் யாரையும் பார்த்துச் சொல்லாமல், "நான் என்ன பாவம் செய்தேனோ!" என்கிறாள்.

அந்தக் கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒரு பதிலை வைத்துக் கொண்டுதான் எழுந்து வருகிறோம். கடவுள் நீதிமான், காரணமின்றித் தண்டிக்க மாட்டார், ஆகையால் ஏதோ ஒரு பாவம் இருக்கத்தான் வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் ஒரு சாரார். கடவுள் என்று ஒருவர் இருந்தால் இந்தக் குழந்தை இறந்திருக்குமா என்று எண்ணுகிறவர்கள் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே குழந்தையைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஒருவருக்கு அது கடவுள் உண்டு என்பதற்குச் சாட்சி. மற்றவருக்கு இல்லை என்பதற்குச் சாட்சி.

உலகத்தில் நிகழும் சம்பவங்களைக் கொண்டு கடவுளை ருசுப்படுத்த முடியுமா? நம் அறிவு அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு தூரம் துணை வரும்? பண்டிதர்கள் மட்டும் வாதாடுவதற்குரிய கேள்வி அல்ல இது. நம் தேசத்தின் இரண்டு மகா புருஷர்கள் ஒரு சமயம் பகிரங்கமாகவே இதைப் பற்றி மாறுபட்டார்கள். அந்த விவாதத்துக்கு விதை விழுந்த இடம் நம் திருநெல்வேலிச் சீமை. அதை இங்கே நினைவு கூர்வது நேயர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

பீஹாரில் ஒரு பிற்பகல்

1934-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி பிற்பகல் இரண்டே கால் மணி சுமாருக்கு வட பீஹாரும் நேபாளமும் குலுங்கின. கங்கைக் கரையிலுள்ள மோங்கீர் நகரம் ஏறக்குறைய முழுவதும் இடிந்து விழுந்தது. முஜப்பர்பூரிலும் தர்பங்காவிலும் வீடுகள் குவியல் குவியலாகச் சரிந்தன. நேபாளத்தில் காட்மாண்டுவும் பக்தபூரும் பாழாயின. பூமி வெடித்துப் பிளவுகளின் வழியே மணலும் நீரும் பீறிட்டு வந்தன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. விளைநிலங்கள் மணல் மேடுகளாயின. மாண்டவர்களின் தொகை பதினாயிரத்துக்கு மேல்.

பாபு ராஜேந்திர பிரசாத் அப்போது சிறைவாசியாக இருந்தார். உடல் நலமும் சரியாக இல்லை. இரண்டு நாளில் விடுதலையானதும் படுக்கையை மறந்து நிவாரண வேலையில் இறங்கினார். பண்டித ஜவாஹர்லால் நேரு மோங்கீரில் தாமே மண்வெட்டியும் கூடையும் எடுத்து இடிபாடுகளைத் தோண்டினார்.

மகாத்மா காந்தி அச்சமயம் தென்னாட்டில் இருந்தார். தீண்டாமையை ஒழிப்பதற்காக 1933 நவம்பரில் தொடங்கிய யாத்திரையில் அவர் ஊர் ஊராகச் சென்று கொண்டிருந்தார். ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலியில் கூடிய பெருங்கூட்டத்தில் பீஹாரின் துயரத்தைப் பற்றிப் பேசினார். உதவி செய்யும்படி ஜனங்களை வேண்டிக் கொண்டார். அத்துடன் மற்றொரு விஷயமும் சொன்னார். தீண்டாமை என்னும் மகா பாபத்துக்காக ஈசுவரன் நமக்கு அனுப்பிய தண்டனையே இந்தப் பூகம்பம் என்று தாம் கருதுவதாகக் கூறினார்.

சாந்திநிகேதனத்திலிருந்து ஒரு மறுப்பு

செய்தியைப் பத்திரிகைகளில் படித்த குருதேவர் ரவீந்திரநாத தாகூர் திடுக்கிட்டுப் போனார். தீண்டாமையை வெறுப்பதில் அவர் காந்திஜிக்குச் சிறிதும் பின்வாங்கியவர் அல்லர். கடவுள் நம்பிக்கையிலும் குறைந்தவர் அல்லர். அவருடைய பாடல்களில் பல இறைவனை நோக்கிப் பாடியவையே. ஆயினும் இந்த வார்த்தையை அவரால் சகிக்க முடியவில்லை. மறுப்பு ஒன்று எழுதி அதைக் காந்திஜிக்கே அனுப்பி வைத்தார். காந்திஜி அதைத் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே, பிப்ரவரி 16-ந் தேதி இதழில், தம் பதிலோடு வெளியிட்டார். கருத்து வேற்றுமை எப்படி நடைபெற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தாகூரின் வாதம் என்ன? பௌதிக உலகத்தில் நிகழும் உற்பாதங்களுக்குப் பௌதிக காரணங்களே உண்டு என்பது முதல் படி. மனிதன் செய்யும் பாவம் எவ்வளவு பெரிதாயினும், சிருஷ்டியின் அமைப்பையே இடித்துத் தள்ளும் வலிமை அதற்கு இல்லை என்றார். தீண்டாமையைக் கட்டிக் காக்கிறவர்கள் சௌக்கியமாக இருக்க, ஒரு பாவமும் அறியாத பச்சைக் குழந்தைகளும் ஏழைகளும் நசுங்கிச் சாகும்படி தண்டனை விதிக்கும் கடவுளைவிட மனிதனே தர்மத்தில் உயர்ந்தவன் என்றல்லவா சொல்ல வேண்டிவரும் என்று கேட்டார். இது இரண்டாம் படி. மூன்றாவதாக அவர் எடுத்த ஆயுதம்தான் மிகவும் கூரியது. காந்திஜியின் எதிரிகளான சனாதனிகள் இதே பூகம்பத்தைக் காட்டி, "ஆலயக் கதவைத் திறக்கச் சொன்ன பாவத்துக்குத் தண்டனை இது" என்று சொன்னால் என்ன மறுமொழி கூற முடியும்?

இந்த மூன்றாவது வாதத்தைப் பண்டித நேருவும் தம் சுயசரிதையில் விரித்து எழுதினார். எந்தப் பாவத்துக்குத் தண்டனை என்று யார் நிச்சயிப்பது? பீஹாரின் ஜமீன்தாரி முறைக்குத் தண்டனை என்று ஒருவர் சொல்லலாம். சட்ட மறுப்பில் முன்னணியில் நின்ற வட பீஹாருக்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்று பிரிட்டிஷ் சர்க்காரே சொல்லிக் கொள்ளலாம்! வாதியின் கட்சிக்கும் பிரதிவாதியின் கட்சிக்கும் ஒரே சமயத்தில் சாட்சி சொல்லும் சாட்சியை எந்த நியாயாதிபதி ஏற்றுக் கொள்வார்?

காந்திஜியின் பதில்

காந்திஜி மழுப்பவில்லை. சனாதனிகளுக்கும் அப்படிச் சொல்ல உரிமை உண்டு என்று ஒப்புக் கொண்டார். பாவத்துக்கும் பூகம்பத்துக்கும் உள்ள தொடர்பைத் தம்மால் நிரூபிக்க முடியாது என்றும் ஒப்புக் கொண்டார். ஏன் பீஹார், ஏன் தென்னாடு அல்ல, ஏன் இப்போது என்று கேட்டால், தாம் கடவுள் அல்லவே என்பதுதான் அவர் கூறிய பதில். ஈசுவரனுடைய சட்டங்கள் முழுவதும் நமக்குத் தெரியாது; பௌதிக உலகமும் தர்ம உலகமும் எங்கோ பின்னிக் கிடக்கின்றன என்பது தம் உயிரோடு ஒன்றிய நம்பிக்கை; பரிகாசத்துக்குப் பயந்து அதை மறைப்பது கோழைத்தனம் என்றார். அந்த நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், அது தம்மையும் தம்மைச் சேர்ந்தவர்களையும் ஆத்ம சுத்திக்குத் தூண்டியிருக்கும் என்பதையும் எடுத்துக் காட்டினார்.

காந்திஜி பூகம்பத்தை அத்தாட்சியாகக் காட்டிக் கடவுளை நம்பவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதலில் நம்பினார், பிறகு அந்த நம்பிக்கையின் வெளிச்சத்தில் பூகம்பத்தைப் பார்த்தார். ருசு இல்லை என்று தாமே சொல்லி விட்டார். அவருடைய நேர்மைக்கு இதுவே சான்று. ஆனால் கூட்டத்தில் கேட்டுக் கொண்டிருந்த பாமர ஜனங்கள் அந்த வேறுபாட்டை உணர்ந்திருப்பார்களா? மகாத்மாவே சொல்லி விட்டார் என்றால் அவர்களுக்கு அதுவே ருசு. தாகூர் அஞ்சியதும் அதற்குத்தான். ஜனங்களின் மனத்திலிருந்து பயத்தைப் போக்கியவர் காந்திஜி. அவர் வாயிலிருந்தே அறிவுக்குப் பொருந்தாத வார்த்தை வரலாமா என்று அந்தக் கிழவர் மனம் நொந்தார்.

நியாயம் பிறந்த மண்

ஆச்சரியமான ஒரு பொருத்தம் இங்கே உண்டு. பூகம்பத்தில் சிதைந்த அந்த வட பீஹார்தான் பழைய மிதிலை. கடவுள் உண்டு என்று தர்க்கத்தாலேயே நிலைநாட்ட முயன்ற உதயனர் அந்த மிதிலையைச் சேர்ந்தவர் என்பது மரபு. சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் அவர் இயற்றிய 'நியாய குஸுமாஞ்சலி' முழுவதும் இந்த ஒரு விஷயத்தையே பேசுகிறது. அவருடைய முக்கியமான யுக்தி எளியது. குடம் ஒரு காரியம்; அதைச் செய்த குயவன் ஒருவன் உண்டு. உலகமும் ஒரு காரியம். ஆகையால் அதற்கும் கர்த்தா ஒருவன் இருக்க வேண்டும்.

உதயனரைப் பற்றிக் கர்ண பரம்பரையாக ஒரு கதை உண்டு. அவர் புரி க்ஷேத்திரத்துக்குப் போனபோது ஜகந்நாதரின் கோயில் கதவு சாத்தியிருந்ததாம். உதயனருக்குக் கோபம் வந்து விட்டது. "இப்போது உமக்குச் செருக்கு மிகுந்திருக்கிறது, பௌத்தர்கள் வாதத்துக்கு வரும்போது நீர் இருப்பதே என் கையில் அல்லவா இருக்கிறது!" என்று சுவாமியையே கடிந்து கொண்டாராம். தர்க்கத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை!

இந்த யுக்தியைத் தாக்கியவர்கள் பௌத்தர்கள் மட்டும் அல்லர். வைதிகர்களான மீமாம்சகர்களுக்கே இதில் சம்மதம் இல்லை. அவர்களைவிட வியப்பைத் தருகிறவர் நம் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த உடையவர். நாராயணனுடைய திருவடிகளே கதியென்று வாழ்ந்த இராமாநுஜர், தமது ஸ்ரீபாஷ்யத்தில் இந்தக் குயவன் வாதத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டார். குயவனுக்குச் சரீரம் உண்டே, உலகத்தைச் செய்தவனுக்கும் சரீரம் உண்டா? பெரிய மாளிகையைப் பலர் கூடியல்லவா கட்டுகிறார்கள். மலையும் கடலும் ஒருவனாலேயே ஒரே சமயத்தில் செய்யப்பட்டன என்பதற்கு என்ன நிச்சயம்? இப்படி அநுமானம் செய்தால் நமக்குக் கிடைப்பவன் குயவனைப் போன்ற ஒரு பெரிய தொழிலாளியே அன்றிப் பரம்பொருள் அல்லன். ஆகையால் ஈசுவரனை அறிய அநுமானம் வழியல்ல, சாஸ்திரமே வழி என்பது அவர் முடிவு.

எவ்வளவு துணிவு பாருங்கள்! கடவுளை நிரூபிக்கும் வாதம் ஒன்று கையில் கிடைத்தும், அது நல்ல வாதம் அல்ல என்று கண்டதும் தள்ளி விட்டார் ஒரு மகா பக்தர். அதனால் அவருடைய பக்தி ஓர் அணுவும் குறையவில்லை. நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகப் பழுதான யுக்தியைப் பற்றிக் கொள்ள வேண்டியதில்லை என்று இதிலிருந்து நாம் கற்கலாம்.

காந்திஜியின் சொந்த அளவுகோல்

அப்படியானால் அறிவுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லையா? காந்திஜியே இதைப் பற்றி வேறொரு சமயம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 1931-ஆம் வருஷம் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டனில் இருந்தபோது, கடவுளைப் பற்றிய அவருடைய பேச்சு ஒன்று கிராமபோன் தட்டில் பதிவாயிற்று. 1928-இல் 'யங் இந்தியா'வில் அவர் எழுதியதுதான் அது. மைசூர் சமஸ்தானத்துக் கிராமவாசிகளிடம், உங்களை ஆளுகிறவர் யார் என்று கேட்டதையும், ஏதோ ஒரு தெய்வம் ஆளுகிறது என்று அவர்கள் பதில் சொன்னதையும் அதில் குறிப்பிட்டார். தம்மை ஆளும் மகாராஜாவையே அறியாத அவர்களைப் போல, நாமும் நம்மை ஆளும் பேரரசனை அறியாதிருப்பதில் வியப்பில்லை என்றார்.

ஈசுவரன் இருப்பதை ஓரளவுக்கு யுக்தியால் அறியலாம். பிரபஞ்சத்தில் ஓர் ஒழுங்கும் மாறாத நியதியும் காணப்படுகின்றன. ஆனால் புத்தியைத் திருப்திப்படுத்துவது மட்டும் போதாது என்பது அந்தப் பேச்சின் சாரம். முடிவான ருசு எது என்பதற்கும் அதிலே விடை உண்டு. வெளியிலிருந்து கொண்டு வரும் அத்தாட்சி அல்ல. கடவுளை உள்ளத்தில் உணர்ந்தவர்களுடைய நடத்தையிலும் குணத்திலும் உண்டாகும் மாறுதலே ருசு என்றார்.

இந்த அளவுகோலைக் கொண்டே திருநெல்வேலிப் பேச்சை அளந்து பார்ப்போம். பூகம்பம் வெளியிலிருந்து வந்த அத்தாட்சிதானே? 1931-இல் தாமே தள்ளிய சாட்சியை 1934-இல் காந்திஜி கூண்டில் ஏற்றி விட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. தாகூர் காந்திஜியை மறுத்தார் என்பதைக் காட்டிலும், காந்திஜியின் பழைய சொல்லை அவருக்கே நினைவூட்டினார் என்பது பொருந்தும்.

பூமி சொன்ன விவரம்

இனி, பூமியைக் கேட்டவர்களுக்கு அது என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். இந்தியப் பூகர்ப்ப இலாகாவின் நிபுணர்கள் இடிந்த பிரதேசம் முழுவதும் சுற்றி, 1939-இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். வட பீஹாரில் நீண்ட ஒரு பட்டையில் நிலமே குழைந்து, வீடுகள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போயிருந்தன. ஆற்று வண்டல் படிந்த மண்; அடியில் நீர் ஊறிய மணல். குலுக்கத்தில் அந்த மணல் கூழாகி விட்டது. பூகம்பம் பிறந்த இடமோ அங்கே அல்ல; கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே என்று பிற்காலத்து ஆராய்ச்சி காட்டிற்று.

இந்திய நிலப்பாளம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக் கொண்டிருக்கிறது என்பதும், அந்த நெருக்கத்தில் இமயத்தின் அடியில் வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அளவு அழுத்தம் சேருகிறது என்பதும் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1255-ஆம் வருஷத்தில் நேபாள மன்னர் அபய மல்லரைப் பலி கொண்ட பூகம்பமும் 1934-இல் வந்ததும் நிலத்தில் விட்டுச் சென்ற பிளவின் தடயங்களை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 25-ந் தேதி நேபாளம் மறுபடியும் குலுங்கிச் சுமார் 9,000 பேர் மாண்டார்கள்.

பாவம் எங்கே மிகுந்ததோ அங்கே வீடுகள் விழவில்லை. மணல் எங்கே தளர்ந்திருந்ததோ அங்கே விழுந்தன. இதை அறிந்தவன் அடுத்த வீட்டை உறுதியாகக் கட்டுவான். அறியாதவன் அடுத்த வீட்டுக்காரனுடைய பாவத்தைத் தேடிக் கொண்டிருப்பான்.

இதனால் கடவுள் இல்லை என்று ஏற்பட்டு விட்டதா? அதுவும் இல்லை. நிலப்பாளத்தை நகர்த்தும் நியதியை வகுத்தவன் யார் என்று ஆஸ்திகர் கேட்கலாம். பூகர்ப்ப சாஸ்திரம் அதற்குப் பதில் சொல்ல முன்வராது. ஆனால் இரக்கமே உருவானவன் கையில் இத்தனை குழந்தைகள் ஏன் நசுங்கின என்ற கேள்வி ஆஸ்திகர் முன் நிற்கத்தான் செய்யும். அதை மூடி மறைப்பதில் பயன் இல்லை. தண்டனை என்று சொல்லி அந்தக் கேள்வியிலிருந்து தப்புவது மட்டும் நியாயம் ஆகாது.

நம் கரையில் நடந்தது

பீஹார் தூரத்திலுள்ள தேசம், 1934 பழைய கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கடற்கரையிலேயே இந்தக் கேள்வி மறுபடியும் எழுந்தது. வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்கு வந்திருந்த யாத்திரிகர்களைக் கடல் வாரிக் கொண்டு போயிற்று. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு. யாருடைய பாவம் என்று அப்போதும் பல வாய்கள் பேசின.

சுமத்ராவுக்கு அருகில் கடலடியில் பூமி பிளந்ததற்கும் அலை நம் கரையைத் தொட்டதற்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. இரண்டு மணி நேரம்! தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கலாம். சொல்லத்தான் ஆள் இல்லை. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றும் இருக்கவில்லை. 2007-இல்தான் ஹைதராபாத்தில் அதற்கான நிலையம் ஏற்பட்டது. "யார் செய்த பாவம்?" என்ற கேள்வியிலிருந்து ஒரு சங்கும் ஊதப்படவில்லை. "ஏன் யாரும் சொல்லவில்லை?" என்ற கேள்வியிலிருந்துதான் அந்த நிலையம் பிறந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாயிருக்கிறது. அந்த அலை சாதி பார்க்கவில்லை. ஆனால் அலை ஓய்ந்த பிறகு சில முகாம்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரை ஒதுக்கினார்கள் என்றும், தண்ணீருக்கும் சோற்றுக்கும் அவர்கள் காத்து நிற்க வேண்டியிருந்தது என்றும் விசாரித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காந்திஜி திருநெல்வேலியில் எந்தப் பாவத்தைப் பற்றிக் குமுறினாரோ, அந்தப் பாவம் எழுபது வருஷங்களுக்குப் பின்னும் நிவாரண முகாமின் வாசலில் நின்றது. அது பாவம் என்று அறிய நமக்குப் பூகம்பம் வேண்டுமா? பூமி ஒரு நாளும் அசையாதிருந்தாலும் தீண்டாமை பாவமே அல்லவா?

காந்திஜியின் பேச்சில் குறை எது, நிறை எது என்பது இங்கே விளங்குகிறது. பூகம்பத்துக்கு அவர் கூறிய காரணம் நிற்கவில்லை. ஆனால் கடவுள் நம்பிக்கைக்கு அவர் 1931-இல் கூறிய அளவுகோல் நிற்கிறது. நம்பிக்கை மனிதனை எப்படி மாற்றிற்று? இடிபாட்டின் அடியில் கிடப்பவனுடைய சாதியைக் கேட்காமல் கை கொடுக்கச் செய்ததா? அப்படியானால் அந்த நம்பிக்கைக்கு அந்தக் கையே சாட்சி. கடவுளை ஏற்காதவர் ஒருவர் அதே கையை நீட்டினால், அவரையும் நாம் வணங்கத்தான் வேண்டும்.

சாட்சி விஷயத்தில் நம் முடிவு இதுதான். உலகத்து ஒழுங்கைக் கண்டு அறிவு ஒருவனைக் கடவுளின் வாசல் வரையில் அழைத்துப் போகலாம். உள்ளே புகுவது அவனவன் உள்ளத்தைப் பொறுத்தது. வாசலிலேயே நின்று விடுகிறவனை மூடன் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் பிறருடைய துன்பத்தைக் கடவுளுக்கு ருசுவாகக் காட்ட எவருக்கும் உரிமை இல்லை. அந்தச் சாட்சி எந்தக் கட்சிக்கும் செல்லாது.

ஆகையால் அடுத்த முறை துக்க வீட்டில் அந்தத் தாய், "நான் என்ன பாவம் செய்தேனோ!" என்று அழும்போது நாம் தரையைப் பார்த்துக் கொண்டு மௌனமாக இருக்க வேண்டாம். அருகில் சென்று அவள் கையைப் பற்றிக் கொண்டு, "நீ ஒரு பாவமும் செய்யவில்லை, அம்மா!" என்று சொல்வோம். ஆஸ்திகரும் சொல்லலாம், நாஸ்திகரும் சொல்லலாம். அதற்கு ருசு ஒன்றும் வேண்டியதில்லை.